பிரேக்மேனின் லாந்தர்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே, மேல் தீபகற்பம் என்று சொல்லப்படும் பகுதியில் கண்ணுக்கெட்டிய வரை காடு. அங்கே வாட்டர்ஸ்மீட், பால்டிங் என்று இரண்டு சின்ன ஊர்கள். இரண்டுக்கும் நடுவே 45-ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து பிரிகிற ஒரு மண்சாலை கொஞ்ச தூரம் போய் அப்படியே முடிந்துவிடுகிறது. அந்த முனையில் நின்று வடக்கே பார்த்தால், மின்கம்பி போவதற்காக மரங்களை வெட்டித் திறந்த நீண்ட பாதை ஒன்று பள்ளத்தில் இறங்கி எதிர்மேட்டில் ஏறுவது தெரியும். இருட்டிய பிறகு அந்தப் பாதையின் கோடியில் ஒரு வெளிச்சம் வரும். சில நேரம் வெள்ளை, சில நேரம் சிவப்பு. கொஞ்ச நேரம் நின்று எரியும், ஊசலாடுவதுபோல் அசையும், பெரிதாகிக் கிட்டே வருவதுபோல் வந்து சட்டென்று அணைந்துபோகும். நெருங்கிப் போனால் காணாமல் போய்விடும்.

1966-இல் இளைஞர்கள் சிலர் இதைப் பார்த்துவிட்டு ஷெரீபிடம் போய்ச் சொன்னார்கள். அதன் பிறகு பால்டிங் வெளிச்சம் ஊர் ஊராகப் பரவியது. அதோடு சேர்ந்து பரவிய கதை இது: அந்த வெட்டவெளி ஒரு காலத்தில் ரயில் பாதையாக இருந்தது. தண்டவாளத்தில் பெட்டிகள் நின்றுகொண்டிருந்த ஓர் இரவில், பின்னால் வந்த ரயிலை நிறுத்துவதற்காக ஒரு பிரேக்மேன் லாந்தரை ஆட்டிக்கொண்டே ஓடினார். ரயில் நிற்கவில்லை. நசுங்கிச் செத்தவரின் ஆவி இன்னும் அதே லாந்தரோடு அந்த ரயிலை நிறுத்தப் பார்க்கிறது. அமெரிக்க வனத்துறையே இந்தக் கதையைச் சுருக்கி எழுதி அங்கே ஒரு பலகை வைத்தது. கோடை இரவுகளில் அந்தச் சாலை முனையில் கார்கள் வரிசையாக நிற்கும். குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பார்ப்பார்கள்.

2010-இல் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள், ஜெரமி பாஸ் என்ற முனைவர் பட்ட மாணவரின் தலைமையில், ஒரு தொலைநோக்கியைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினார்கள். ஒளியியல் படிக்கிறவர்கள். வெளிச்சம் வந்ததும் தொலைநோக்கியில் கண் வைத்தார்கள். ஒற்றை வெளிச்சம் இரண்டாகப் பிரிந்தது. அது ஒரு காரின் முகப்பு விளக்குகள். சாலையோரம் நட்டிருந்த அறிவிப்புப் பலகைகூடத் தெரிந்தது. ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தள்ளி, அதே 45-ஆம் எண் நெடுஞ்சாலை ஒரு மேட்டின் மேல் ஏறி இறங்குகிறது. அங்கே வருகிற வண்டிகளின் ஹெட்லைட்தான் வெள்ளை ஆவி. போகிற வண்டிகளின் பின்விளக்குதான் சிவப்பு ஆவி.

அவர்கள் அதோடு விடவில்லை. விடாததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தங்களில் ஒருவரை அந்த மேட்டுச் சாலைக்கு அனுப்பி, அபாய விளக்கைச் சிமிட்டிக்கொண்டே ஓட்டச் சொன்னார்கள். சாலை முனையில் நின்றவர்களுக்கு ஆவி அதே தாளத்தில் சிமிட்டியது. பார்த்தது என்ன என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதை நாமே உண்டாக்கிக் காட்டுவது அதைவிட ஒரு படி மேலான வேலை. சந்தேகப்படுகிறவர் யாராக இருந்தாலும் ஒரு காரையும் ஒரு நண்பரையும் வைத்துக்கொண்டு திரும்பச் செய்து பார்க்கலாம்.

இதைக் கேட்டதும் பலருக்கும் ஏமாற்றம். வெறும் ஹெட்லைட்டா? ஆனால் கேள்வி உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. அங்கே வந்து நின்றவர்கள் எல்லாரும் கார் ஓட்டுகிறவர்கள். ஒவ்வொரு இரவும் நூற்றுக்கணக்கான ஹெட்லைட்களைப் பார்க்கிறவர்கள். அவர்கள் கண்ணுக்கு இந்த ஒன்று மட்டும் ஏன் ஹெட்லைட்டாகத் தெரியவில்லை?

முதல் காரணம் கண்ணின் எல்லை. நல்ல பார்வையுள்ள ஒருவரால், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோண இடைவெளி இருக்கும் வரைதான் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பார்க்க முடியும். காரின் இரு முகப்பு விளக்குகளுக்கும் நடுவே சுமார் ஒன்றரை மீட்டர். கணக்குப் போட்டால், 5 கிலோமீட்டரைத் தாண்டியதும் அந்த இடைவெளி கண்ணின் எல்லைக்குக் கீழே போய்விடுகிறது. இரண்டும் ஒன்றாகின்றன. இருட்டில் கண்மணி விரிந்திருக்கும்போது பார்வையின் கூர்மை இன்னும் குறையும். ஹெட்லைட் என்று நமக்கு அடையாளம் சொல்வதே ஜோடியாக இருப்பதுதான். அந்த அடையாளம் 7 கிலோமீட்டரில் அழிந்துவிடுகிறது.

அவ்வளவு தூரத்திலிருந்து வரும் வெளிச்சம் மங்கலாக அல்லவா இருக்க வேண்டும்? முழு வீச்சில் எரியும் ஒரு ஜோடி விளக்கு, நேராக நம்மை நோக்கித் திரும்பியிருக்கும்போது 40,000 கேண்டெலா ஒளிச்செறிவு தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இது மிகையான கணக்கு இல்லை. 7 கிலோமீட்டர் தாண்டி, வழியில் பாதியைக் காற்று விழுங்கிய பிறகும், அது வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸைவிட நாற்பது மடங்கு ஒளியோடு நம் கண்ணை வந்தடையும். வெள்ளி கிரகம் உச்சத்தில் இருக்கும்போதுகூட அதற்குப் பாதிதான் வரும். ஊர் விளக்குகளே இல்லாத காட்டில், அரைமணி நேரம் இருட்டில் நின்று முழுக்கப் பழகிய கண்ணுக்கு இது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதுவும் கார் மேட்டின் உச்சியைக் கடக்கும் சில நொடிகள் மட்டுமே விளக்கின் வீச்சு சரியாக நம் திசையில் விழும். மேடேறும்போது ஒளி பெருகும், உச்சி தாண்டியதும் கீழே சாய்ந்து அணையும். கிட்டே வந்து மறைந்தது என்று பார்த்தவர்கள் சொன்னது பொய்யே இல்லை. இருட்டில் தனியாக நிற்கும் ஒரு புள்ளி பிரகாசமாவதை, நெருங்கி வருவதாகத்தான் மூளை எடுத்துக்கொள்ளும். தூரத்தை மதிப்பிட அதற்கு வேறு ஆதாரம் இல்லை. பக்கத்தில் ஒரு மரமோ வீடோ தெரிந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இங்கே எதுவும் தெரியாது. நம் இரண்டு கண்களும் சேர்ந்து ஆழத்தை அளக்கிற திறமையும் இத்தனை தூரத்தில் உதவாது. அதனால்தான் ஐம்பதடியில் நின்றது என்று ஒருவரும், மலைக்கு அப்பால் இருந்தது என்று இன்னொருவரும் ஒரே வெளிச்சத்தைப் பற்றிச் சத்தியம் செய்கிறார்கள்.

அடுத்தது காற்று. பகலில் சாதாரணமாக மேலே போகப் போகக் காற்று குளிரும். தெளிவான, காற்றோட்டமில்லாத இரவில் தரை வேகமாகக் குளிர்ந்து, தன்னை ஒட்டிய காற்றையும் குளிர வைக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தாக்கில் வடிந்து தேங்கும். அதன் மேல் வெதுவெதுப்பான காற்று ஒரு மூடிபோல் அமர்ந்துகொள்ளும். குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம் என்பதால் அதில் ஒளியின் வேகம் ஒரு துளி குறைவு. வெறுமையில் போகும் ஒளியோடு ஒப்பிட்டால், காற்றில் போகும் ஒளிக்கு உள்ள வேறுபாடே பத்தாயிரத்தில் மூன்று பங்குதான். அந்தச் சின்ன வேறுபாடு உயரத்துக்கு உயரம் மாறுவதால், பல கிலோமீட்டர் கிடைமட்டமாகப் போகும் கதிர் மெல்ல மெல்லக் கீழ்நோக்கி வளைகிறது. நூறு மீட்டர் உயரத்துக்குள் பத்துப் பன்னிரண்டு டிகிரி வெப்பம் கூடினால், கதிர் பூமியின் வளைவையே ஒட்டிக்கொண்டு ஓடும். மேட்டுக்கு அப்பால் மறைந்திருக்க வேண்டிய விளக்கு மேட்டுக்கு மேலே எழும்பித் தெரியும். வெயிலில் சாலையில் தெரியும் கானல் நீரின் மறுபக்கம் இது. அங்கே சூடான தரை கதிரை மேல்நோக்கி வளைக்கிறது, இங்கே குளிர்ந்த தரை கீழ்நோக்கி வளைக்கிறது.

இந்தக் காற்று அடுக்குகள் அசையாமல் இருந்தால் வெளிச்சம் நிலையாக, கூர்மையாக வரும். பால்டிங்கில் அவ்வளவு தொலைவிலிருந்து ஹெட்லைட் தெளிவாக வந்து சேர்வதற்கு, நிலையாகத் தேங்கிய இத்தகைய காற்றுதான் காரணமாக இருக்கும் என்று அந்த மாணவர்கள் கருதினார்கள். அடுக்குகளின் எல்லை கலங்கினால் வேறு கதை. ஒரு விளக்கு மேலும் கீழுமாக இரண்டு பிம்பங்களாகப் பிரியும், நீளும், சேரும், நிறம் பிரிந்து மினுங்கும். வெளிச்சம் இரண்டாக உடைந்து ஒன்றை ஒன்று துரத்தியது என்று இப்படிப்பட்ட இடங்களில் சொல்கிறவர்கள் கண்ணால் கண்டதையே சொல்கிறார்கள்.

மூன்றாவது காரணம்தான் இவற்றில் ஆழமானது. அது கண்ணுக்குள்ளும் மனிதர்களுக்கு நடுவிலும் இருக்கிறது. 1799-இல் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் கானரித் தீவுகளில் ஒன்றான டெனெரிஃபில், டெய்டே எரிமலை மேல் விடியலுக்கு முன் நின்றபோது நட்சத்திரங்கள் ஊசலாடுவதைப் பார்த்தார். ஏதோ வளிமண்டல விளைவு என்று நினைத்து எழுதிவைத்தார். அரை நூற்றாண்டுக்கும் மேலான பிறகுதான் அது வானத்தில் நடந்தது இல்லை, பார்க்கிறவரின் கண்ணில் நடந்தது என்று தெரிந்தது. முழு இருட்டில் ஒற்றைப் புள்ளி வெளிச்சத்தைச் சில நொடி உற்றுப் பார்த்தால், அது அசையாமல் இருந்தாலும் அசைவதாகத் தோன்றும். கண் எப்போதும் நுண்ணிய அளவில் அசைந்துகொண்டே இருக்கிறது. சுற்றிலும் ஏதாவது தெரிந்தால் மூளை அந்த அசைவைக் கழித்துவிடும். எதுவும் தெரியாதபோது அசைவு வெளிச்சத்தின் கணக்கில் ஏறிவிடுகிறது. இரண்டாம் உலகப் போரில், இரவில் முன்னால் போகும் விமானத்தின் ஒற்றை விளக்கைப் பின்தொடர்ந்த விமானிகளுக்கு இது உயிர்ப் பிரச்சினையாகவே இருந்தது.

துருக்கியில் பிறந்த சமூக உளவியலாளர் முஸாஃபர் ஷெரீஃப் இதை வைத்து 1935-இல் வெளியிட்ட ஆய்வு மிகவும் புகழ்பெற்றது. இருட்டறையில் அசையாத ஒரு புள்ளி வெளிச்சத்தைக் காட்டி, அது எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று ஆட்களைக் கேட்டார். தனியாக உட்கார வைத்தபோது ஒவ்வொருவரும் தனக்கென்று ஓர் அளவில் போய் நின்றார்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்த்து உட்கார வைத்து, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கும்படி செய்தபோது, எல்லாருடைய அளவும் மெல்ல ஒன்றை நோக்கி வந்தது. பிறகு திரும்பத் தனியாக வைத்தாலும் அந்தக் குழுவின் அளவையே விடாமல் பிடித்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. நகராத ஒன்று எவ்வளவு நகர்ந்தது என்பதில் ஓர் ஒப்பந்தம் தானாக உருவாகிவிட்டது.

1961-இல் ஜேக்கப்ஸ், கேம்பெல் என்ற இருவர் இதை இன்னும் நீட்டினார்கள். குழுவில் முதலில் தங்கள் ஆட்களை வைத்து, வெளிச்சம் மிக அதிக தூரம் நகர்வதாகச் சொல்ல வைத்தார்கள். பிறகு அந்த ஆட்களை ஒவ்வொருவராக வெளியே எடுத்துவிட்டு, ஒன்றும் அறியாத புதியவர்களை உள்ளே அனுப்பினார்கள். பழையவர்கள் போய்ப் புதியவர்கள் வர, ஆய்வகத்துக்குள் தலைமுறைகள் மாறின. முதலில் பொய் சொன்ன ஒருவர்கூட அறையில் மிஞ்சாத பிறகும், நான்கைந்து தலைமுறை வரை அந்த மிகையான அளவின் செல்வாக்கு தொடர்ந்தது. அதற்குப் பிறகுதான் மெல்லத் தேய்ந்து இயல்பான அளவுக்கு வந்தது. ஒரு மரபு பிறந்து, கைமாறி, தேய்வதை ஒரே அறைக்குள் பார்த்துவிட்டார்கள். பால்டிங் சாலை முனையையும் இதையும் சேர்த்து நினைக்காமல் இருக்க முடியவில்லை. இருட்டில் ஒரு புள்ளி. பக்கத்தில், நேற்றும் வந்து பார்த்த ஒருவர். அதோ, லாந்தரை ஆட்டுகிறார் பாருங்கள் என்கிறார். பார்க்கிறோம். ஆடுகிறது.

மிச்சிகன் மாணவர்கள்தான் முதலில் இப்படி ஆராய்ந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வட கரோலினா மாநிலத்தில் மார்கன்டன் ஊருக்கு அருகே பிரவுன் மலை என்று ஒரு தாழ்ந்த மலைத்தொடர் இருக்கிறது. அதன் மேல் எழும் வெளிச்சங்களைப் பற்றி 1913-இலேயே நாளிதழில் செய்தி வந்தது. செரோக்கி, கட்டாபா மக்களுக்கு இடையே நடந்த பழைய போரில் இறந்த கணவர்களைத் தேடும் பெண்களின் பந்தங்கள் என்று ஒரு கதை. காணாமல் போன எஜமானரைத் தேடி அலையும் அடிமை ஒருவரின் லாந்தர் என்று இன்னொன்று. அதே ஆண்டு அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை ஓர் அதிகாரியை அனுப்பியது. பள்ளத்தாக்கில் ஓடும் ரயில் எஞ்சின்களின் முகப்பு விளக்கு என்றார் அவர். ஊர் ஏற்கவில்லை. 1916-இல் பெருவெள்ளம் ரயில் பாதைகளை அரித்துக்கொண்டு போனது, பல நாள் ரயிலே ஓடவில்லை. அப்போதும் வெளிச்சம் வந்தது என்றார்கள். நியாயமான வாதம்தான்.

1922-இல் ஜார்ஜ் ராஜர்ஸ் மேன்ஸ்ஃபீல்ட் என்ற நிலவியலாளர் வந்தார். மனிதர் நில அளவைக் கருவிகளோடு வந்தார். அளவை மேசை, தொலைநோக்கி பொருத்திய திசைகாட்டும் அளவுகோல், நில வரைபடம். இரவில் வெளிச்சம் தோன்றும் திசையைத் துல்லியமாக வரைபடத்தில் கோடாக இழுத்து, அந்தக் கோடு மலையைத் தாண்டி அப்பால் எந்தச் சாலையில், எந்த ரயில் பாதையில் போய் விழுகிறது என்று பார்த்தார். கருவியால் அளக்க முடிந்த வெளிச்சங்களில் 47 சதவீதம் மோட்டார் வண்டிகளின் விளக்கு, 33 சதவீதம் ரயில் எஞ்சின் விளக்கு, 10 சதவீதம் ஊர்களில் நிலையாக எரியும் விளக்கு, 10 சதவீதம் புதர்த் தீ என்பது அவர் கண்ட முடிவு. 1916-இன் வாதத்துக்கும் இதில் பதில் இருந்தது. ரயில் நின்றால் என்ன, அந்த ஆண்டுகளில் சாலைகளில் மோட்டார் வண்டிகள் வந்துவிட்டன. ஒரு வெளிச்சத்துக்கு ஒரே காரணம் இருக்க வேண்டும் என்று முதல் அதிகாரியும் நினைத்தார், அவரை மறுத்த ஊர்க்காரர்களும் நினைத்தார்கள். நான்கு வேறு காரணங்கள் ஒரே கதையின் கீழ் வந்து கூடியிருந்தன என்பதை அளந்து பார்த்த பிறகுதான் சொல்ல முடிந்தது.

கொள்ளிவாய்ப் பிசாசு என்றதும் படித்தவர்கள் சதுப்பு நிலத்து வாயு என்று சொல்லிவிடுவது வழக்கம். டெக்சாஸ் மாநிலத்து மார்ஃபாவுக்கு அந்த விளக்கம் செல்லாது. அது கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலே உள்ள வறண்ட பாலைச் சமவெளி. அங்கே தெரியும் வெளிச்சம், காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்ட அபாச்சி தலைவர் அல்சாட்டேயின் ஆவி என்பார்கள். ஊருக்குக் கிழக்கே, 90-ஆம் எண் நெடுஞ்சாலையோரம், பார்க்க வருகிறவர்களுக்கென்றே ஓர் இடம் கட்டியிருக்கிறார்கள். 2004-இல் டல்லாஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக இயற்பியல் மாணவர்கள் அங்கே சில இரவுகள் தங்கி, தென்மேற்கே மலையோரம் போகும் 67-ஆம் எண் நெடுஞ்சாலையின் போக்குவரத்தைக் கருவி வைத்து எண்ணினார்கள். வண்டி கூடும்போது ஆவியும் கூடியது. தங்கள் காரையே அங்கே நிறுத்தி விளக்கைப் போட்டபோது மார்ஃபா வெளிச்சம் எரிந்தது. பாலை நிலம் இரவில் படு வேகமாகக் குளிரும். குளிர்ந்த காற்று அடுக்கு உருவாக அதைவிட வசதியான இடம் கிடையாது. மார்ஃபாவில் பல ஆண்டுகள் கேமரா வைத்துப் பதிவு செய்த ஜேம்ஸ் பன்னெல் என்ற ஓய்வுபெற்ற பொறியாளர், பெரும்பாலானவை வண்டி விளக்குகளே என்று ஒப்புக்கொண்டு, மிகச் சிலவற்றுக்கு அந்த விளக்கம் போதாது என்கிறார். அந்த மிச்சத்தை அலட்சியமாகத் தள்ள நான் தயாராக இல்லை. ஆனால் எதை முதலில் கழிக்க வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் மிச்சம் எது என்றே சொல்ல முடியும்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பெருமளவு பதில் இருக்கிறது. எனக்கு இன்னொரு கேள்வியும் முக்கியம். அந்த வெளிச்சத்தைக் கையில் பிடித்திருப்பவர் ஏன் திரும்பத் திரும்ப ரயில் தொழிலாளியாக இருக்கிறார்? மிச்சிகனில் பிரேக்மேன். வட கரோலினாவின் மேக்கோவில் ரயில் கண்டக்டர். ஆர்கன்சா மாநிலத்தின் கர்டன் ஊரில், 1931-இல் உண்மையாகவே கொலையுண்ட ரயில் பாதை மேற்பார்வையாளர். இதற்குப் பதில் இயற்பியலில் இல்லை, தொழில் வரலாற்றில் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சரக்கு ரயிலை நிறுத்தியது எஞ்சின் டிரைவர் மட்டும் இல்லை. அவர் ஊதல் கொடுத்ததும், பிரேக்மேன்கள் ஓடும் பெட்டிகளின் கூரை மேல் ஓடி, ஒவ்வொரு பெட்டியின் கைச்சக்கரத்தையும் திருகி இறுக்க வேண்டும். மழையிலும், பனி உறைந்த கூரையிலும், இருட்டிலும் இதே வேலை. பெட்டிகளை இணைப்பதும் அவர்கள்தான். இரண்டு பெட்டிகள் மோதிக்கொள்ளும் அந்த நொடியில், நடுவே நின்று ஓர் இரும்பு வளையத்தைக் கையால் பிடித்து உள்ளே செலுத்தி, மேலிருந்து முளையைச் சொருக வேண்டும். கணம் தப்பினால் விரல் போகும், கை போகும், உடம்பே நசுங்கும். வேலை கேட்டு வருகிறவருக்கு விரல் குறைந்திருந்தால் அனுபவசாலி என்று எடுத்துக்கொள்வார்கள் என்றே அந்தக் காலத்தில் சொல்லப்பட்டது. காற்றழுத்த பிரேக்குக்கு ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் காப்புரிமை பெற்றார். தானாகப் பூட்டிக்கொள்ளும் இணைப்புக்கு ஈலை ஜேனி 1873-இல் பெற்றார். இரண்டும் இருந்தும் பெரும்பாலான சரக்குப் பெட்டிகளில் பொருத்தவில்லை, செலவு அதிகம் என்று. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க ரயில்வே ஊழியர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 பேர் வேலையில் செத்தார்கள். காயம்பட்டவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல். அயோவா மாநிலத்தின் லொரென்சோ காஃபின் என்ற விவசாயி, ஒரு பிரேக்மேனின் விரல்கள் நசுங்குவதை நேரில் பார்த்தவர், ஊர் ஊராகப் போய்ப் பேசிப் போராடினார். 1893 மார்ச்சில்தான் இந்தக் கருவிகளைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. அது முழுமையாக நடைமுறைக்கு வர 1900 ஆயிற்று.

கதையில் வரும் லாந்தரும் கற்பனை இல்லை. ரயில் வழியில் எதிர்பாராமல் நின்றுவிட்டால், கடைசிப் பெட்டியில் இருப்பவர் உடனே இறங்கி, லாந்தரோடு தண்டவாளத்தில் பின்னோக்கி நடந்து போய், வரும் ரயிலுக்குச் சைகை காட்ட வேண்டும் என்பது விதி. லாந்தரைத் தண்டவாளத்துக்குக் குறுக்கே ஆட்டினால் நிறுத்து என்று பொருள். தந்தி வசதி போதாத, ஒற்றைப் பாதை ஓடிய காட்டுப் பகுதிகளில், பின்னால் வருகிற ரயிலுக்கும் முன்னால் தூங்குகிற பயணிகளுக்கும் நடுவே இருந்தது அந்த ஒரு கை மட்டும்தான். தண்டவாளத்துக் கோடியில், ஆள் உயரத்தில், குறுக்காக ஆடும் ஒற்றை வெளிச்சம் என்பது அந்த ஊர்க்காரர்களின் பாட்டன்மார் அன்றாடம் கண்ட காட்சி. சில இரவுகளில் அதைக் கடைசியாகவும் கண்டார்கள்.

மேக்கோவின் கதையில் இது மிகத் தெளிவாகத் தெரிகிறது. வில்மிங்டன் நகருக்கு மேற்கே உள்ள அந்தச் சிறிய ரயில் நிறுத்தத்தில், 1867-இல் ஜோ பால்ட்வின் என்ற கண்டக்டர் இருந்த கடைசிப் பெட்டி கழன்று நின்றுவிட்டது, பின்னால் வந்த ரயிலை நோக்கி அவர் லாந்தரை ஆட்டிக்கொண்டே நின்றார், மோதலில் அவர் தலை துண்டானது, அந்தத் தலையைத்தான் வெளிச்சம் தேடுகிறது என்பார்கள். அதிபர் குரோவர் கிளீவ்லாண்ட் அந்த வழியே போனபோது இதைப் பற்றி விசாரித்தார் என்பதும் கதையில் சேர்ந்துகொண்டது. 1957-இல் லைஃப் பத்திரிகைகூட மேக்கோவைப் பற்றி எழுதியது. பிற்காலத்தில் பழைய பத்திரிகைகளைத் தேடியவர்களுக்கு 1867-இல் அப்படி ஒரு ஜோ பால்ட்வின் கிடைக்கவில்லை. கிடைத்தவர் சார்லஸ் பால்ட்வின். கண்டக்டர். 1856 ஜனவரியில் வில்மிங்டன் அருகே நடந்த ரயில் மோதலில் படுகாயம்பட்டுச் சில நாளில் இறந்தவர். தலை துண்டாகவில்லை. ஒரு நூற்றாண்டு வாய்வழியே வந்ததில் அவருடைய முதற்பெயர் மாறியது, ஆண்டு பதினொன்று தள்ளிப்போனது, சாவு இன்னும் கோரமானது. குடும்பப் பெயரும், தொழிலும், ஊரும், மோதலும் அப்படியே வந்து சேர்ந்தன. எங்கோ போகிற வண்டியின் விளக்கு இல்லாமல் போயிருந்தால், சார்லஸ் பால்ட்வின் ஒரு பழைய நாளிதழின் உள்பக்கத்தில் மட்டுமே இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

1977-இல் மேக்கோவின் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு வெளிச்சம் வருவதில்லை. ஆவி அமைதியடைந்துவிட்டது என்கிறார்கள் ஊரில். எனக்குத் தோன்றுவது வேறு. ரயில் ஓடும் வரை பாதையின் இருபுறமும் மரம் செடிகளை வெட்டிச் சுத்தமாக வைத்திருப்பார்கள். நேர்கோடாகப் பல கிலோமீட்டர் பார்வை திறந்திருக்கும். ரயில் நின்றுபோனால் சில பருவங்களிலேயே புதர் மூடும், பார்வைக் கோடும் மூடிக்கொள்ளும். இது சரியா என்று பார்க்க வழி இருக்கிறது. 1977-க்கு முந்தைய நில வரைபடத்தை எடுத்து, மேக்கோவின் பழைய பாதையை நீட்டினால் எந்தச் சாலை வளைவில் போய் முட்டுகிறது என்று மேன்ஸ்ஃபீல்ட் செய்ததுபோலக் கோடு போட்டுப் பார்க்கலாம். பிறகு அந்த வளைவில் உயரமான கம்பத்தில் ஒரு விளக்கைக் கட்டி, மரங்களுக்கு மேலே ஏற்றி, ஒரு குளிர்ந்த இரவில் இந்தப் பக்கம் நின்று காத்திருக்கலாம்.